வெப்பம் அறிந்து சுழலும் விசிறி

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். கூரையில் விசிறி மாட்டாமலே கோடையைக் கழித்த வீடுகள் இங்கே நிறைய இருந்தன என்று பசவனகுடியிலும் மல்லேசுவரத்திலும் அல்சூரிலும் வாழ்ந்து முதிர்ந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தப் பெருமை மெல்லத் தேய்ந்துவிட்டது. 2016 ஏப்ரலில் இந்நகரின் வெப்பநிலை 39.2 டிகிரி செல்சியசைத் தொட்டது. கூரைதோறும் விசிறிகள் ஏறிவிட்டன. மனிதருக்காகச் சுழலும் அவ்விசிறிகளாவது குளிர்காலத்தில் ஓய்வு பெறுகின்றன. மேசைக்கடியில் நிற்கும் கணினிப் பெட்டிக்குள் இருப்பவற்றுக்கு அந்த ஓய்வும் இல்லை. செயலிக்கு ஒன்று, மின்வழங்கிக்கு ஒன்று, பெட்டியின் முதுகுப்புறத்தில் ஒன்று, வரைகலை அட்டை இருந்தால் அதற்கு ஒன்றோ இரண்டோ என உள்ளங்கை அளவு விசிறிகள் பகலிரவு பாராமல் சுழல்கின்றன. மென்பொருளால் பிழைக்கும் நகரில் இந்த இரைச்சலைக் கேட்காத காது அரிது.

நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபலையும் இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபலையும் வரம்பாக வைத்திருக்கின்றன. அது தெருவுக்குரிய வரம்பு. சன்னலைச் சாத்திய அறை நள்ளிரவில் 30 டெசிபல் அளவுக்கு அடங்கிவிடும். அந்த அடக்கத்தில், முழு வேகத்தில் ஓடும் சிறு விசிறி 40 டெசிபலை எளிதில் எட்டும். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஒலி இருமடங்காகத் தோன்றும் என்பது ஒலியியலார் பொதுவாக ஏற்கும் கணக்கு. இதைத் தணிக்கப் பஞ்சும் ரப்பரும் தேடுவோர் உண்டு. அவற்றால் ஆவது சிறிதே. தேவையில்லாத காற்றை வீசாதிருப்பதே முதல் வழி. செயலியின் வெப்பநிலையை அளந்து, அதற்கேற்ப விசிறியின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் நடத்தும் கட்டுப்படுத்தி இந்த வேலையைத்தான் செய்கிறது. அதன் இயக்கத்தையும், பெங்களூரின் உயரமும் தட்பவெப்பமும் அதன் கணக்கை மாற்றும் விதத்தையும் இங்கே பார்ப்போம்.

முதலில் வெப்பம். கணினிக்குள் நுழையும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. எவ்வளவு நுட்பமான கணக்காயினும் முடிவில் எஞ்சுவது விடையும் சூடுமே. செயலியின் உள்ளே கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு மின்னூட்டம் ஏறி இறங்குகிறது. அதில் செலவாகும் திறன் கடிகார அதிர்வெண்ணுக்கும், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் அமையும். விரைந்து கணக்கிடவேண்டுமானால் அதிர்வெண் ஏறவேண்டும். அதிர்வெண் ஏறினால் மின்னழுத்தமும் ஏறவேண்டும். இரண்டும் ஏறினால் வெப்பம் பன்மடங்காகும்.

விசிறியே வேண்டாத கணினி ஒன்று இந்நகரிலேயே பிறந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம். இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கிய ‘சிம்ப்யூட்டர்’ என்ற கையடக்கக் கணினியின் முன்மாதிரி 2001-இல் வெளிவந்தது. 206 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ‘ஸ்ட்ராங்ஆர்ம்’ செயலி அதற்கு மூளை. மூன்று சிறு பேட்டரிகள் அதற்கு உணவு. ஒரு வாட்டுக்கும் குறைவாக உண்ணும் செயலிக்கு விசிறி எதற்கு? அதே ஆண்டுகளில் மேசைக் கணினிகள் எதிர்த்திசையில் விரைந்துகொண்டிருந்தன. 2004-இல் வந்த பென்டியம் 4 வகைச் செயலிகள் சில 100 வாட்டைத் தாண்டின. இன்று வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வாங்கும் செயலிகளில் 65 வாட் என்பது சாதாரண எண். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய பரப்பிலிருந்து அவ்வளவு வெப்பமும் வெளியேறியாக வேண்டும்.

அதை வெளியேற்ற அலுமினியத்தாலோ செம்பாலோ ஆன தகட்டுக்கட்டு ஒன்றைச் செயலியின்மேல் அழுத்திப் பொருத்துகிறார்கள். கடையில் ‘ஹீட் சிங்க்’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். தகடுகளின் பரப்பு பெரிது. அவற்றினூடே காற்றை விசிறி தள்ளுகிறது. காற்று வெப்பத்தைச் சுமந்து போகிறது. இதில் சிக்கலான இயற்பியல் எதுவும் இல்லை. சிக்கல் முழுவதும் ஒலியில் இருக்கிறது.

ஒலியை ஆராய்வதற்குப் பெங்களூரு புதிய ஊரன்று. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1933-இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இங்கே வந்தார். மறு ஆண்டே மிருதங்கம், தபலா போன்ற இந்தியத் தோற்கருவிகளின் அதிர்வைப் பற்றிய கட்டுரையை, தாம் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமியின் ஏட்டில் வெளியிட்டார். அவர் ஆராய்ந்தவை காது விரும்பும் ஒலிகள். காது வெறுக்கும் ஒலிகளை ஆராய்ந்தவர் அதே கழகத்தின் இயந்திரப் பொறியியல் பேராசிரியர் எம். எல். முஞ்சல். காற்றுக்குழாய்களிலும் வண்டிகளின் புகைக்குழாய் ஒலியடக்கிகளிலும் ஒலி பயணிக்கும் முறையைப் பற்றி அவர் 1987-இல் வெளியிட்ட நூல் உலகெங்கும் பொறியாளர்களுக்குப் பாடநூலாயிற்று. இன்னொரு கோடியில், இந்நகரின் தேசிய வான்வெளி ஆய்வகத்தில் செயற்கைக்கோள் உறுப்புகளை 150 டெசிபலுக்கும் மேற்பட்ட பேரொலியில் வைத்துச் சோதிக்கும் கூடம் இருக்கிறது. ஏவூர்தி புறப்படும் ஓசையை அவை தாங்குமா என்று பார்ப்பதற்காக ஏற்பட்டது அது. நம் மேசைக்கடி விசிறி இவ்விரு கோடிகளுக்கும் நடுவே எங்கோ கிடக்கும் எளிய பொருள். ஆனால் அதை ஆளும் விதி எளிமையில் அழகானது.

விசிறியின் இதழ் காற்றை வெட்டும்போது அதன் பின்விளிம்பில் சுழல்கள் பிறக்கின்றன. அச்சுழல்களின் கொந்தளிப்பே சோவென்ற அகன்ற இரைச்சல். அதன்மேல் ஒரு தனிச்சுருதியும் ஏறும்: ஒவ்வொரு இதழும் நிலையான ஒரு தடையைக் கடக்கும்போது காற்றழுத்தம் ஒருமுறை துடிக்கும். 7 இதழ்கள் கொண்ட விசிறி நிமிடத்துக்கு 1200 சுற்று சுழன்றால் நொடிக்கு 140 துடிப்புகள். 3000 சுற்றானால் 350. விசிறியைத் தாங்கும் கால்கள் பெரும்பாலும் 4. இதழ்களோ 7 அல்லது 9. இது தற்செயல் அன்று. இதழ்களும் கால்களும் சம எண்ணிக்கையில் இருந்தால் எல்லா இதழ்களும் ஒரே கணத்தில் கால்களைக் கடந்து துடிப்புகள் ஒன்றுசேர்ந்துவிடும். பெட்டியின் தகட்டில் துளைகள் குத்திச் செய்த வாய்க்கு மிக அருகில் விசிறி இருந்தாலும் இந்தச் சுருதி கூர்மையாகும். அத்தகைய வாயை வெட்டியெடுத்துவிட்டு வட்டக் கம்பி வலையை மாட்டினால் வேகத்தைத் தொடாமலே ஓசை குறையும்.

இனி விதி. விசிறி தள்ளும் காற்றின் அளவு வேகத்துக்கு நேர்விகிதம். உண்டாக்கும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கும், உண்ணும் திறன் மும்மடிக்கும் நேர்விகிதம். வெளியிடும் ஒலியாற்றலோ ஏறத்தாழ ஐம்மடிக்கு நேர்விகிதம். வேகத்தைப் பாதியாக்கினால் ஒலியாற்றல் 32-இல் ஒரு பங்காகிறது. டெசிபலில் சொன்னால் 15 குறைகிறது. ஐந்தில் ஒரு பங்கு வேகத்தை மட்டும் குறைத்தாலும் 5 டெசிபல் கிட்டும். ஒலி தாழ்ந்த அதிர்வெண்களை நோக்கி இறங்குவதால் காதுக்குக் கிட்டும் ஆறுதல் இதைவிடவும் அதிகம். மனிதக் காது தாழ்ந்த அதிர்வெண்களில் கூர்மை குறைந்தது.

குளிர்ச்சியின் பக்கம் என்ன இழக்கிறோம்? தகடுகளின் இடுக்கில் சீராக ஓடும் காற்று வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் திறன், அதன் வேகத்தின் இருமடி மூலத்தை ஒட்டி மாறுகிறது. வேகம் பாதியானால் அத்திறன் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்குதான் குறையும். ஒருபுறம் 32-இல் 31 பங்கு ஒலி ஒழிகிறது. மறுபுறம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான குளிர்ச்சி போகிறது. இவ்வளவு இலாபமான பேரம் பொறியியலில் அடிக்கடி வாய்ப்பதில்லை. கணினியை அமைதியாக்கும் கலை முழுவதும் இந்த ஏற்றத்தாழ்விலிருந்தே பிறக்கிறது.

பெரிய விசிறிகளின் சிறப்பும் இவ்வழியே விளங்கும். 80 மில்லிமீட்டர் விசிறி 2000 சுற்றில் தரும் காற்றை 120 மில்லிமீட்டர் விசிறி 600 சுற்றில் தந்துவிடும்; ஓசை 14 டெசிபல் அளவுக்குத் தணிந்திருக்கும். ஆனால் மெதுவாகச் சுழலும் விசிறிக்குத் தள்ளும் அழுத்தம் குறைவு. பெட்டியின் வாய்கள் தூசியடைத்துக் கிடந்தால் இந்தக் கணக்கு பலிக்காது.

அப்படியானால் விசிறியை நிலையாகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் போதாதா? போதாது. விசிறியைத் தேர்ந்தவர் கோடை நண்பகலில், முழுச் சுமையில், செயலி தவிக்கும் நேரத்தை மனத்தில் வைத்தே தேர்ந்திருப்பார். அத்தகைய நேரம் ஆண்டில் சிலவே. ஆயினும் அவற்றைத் தாண்டியாக வேண்டும். அதே வேகத்தில் ஆண்டு முழுவதும் ஓட்டுவதோ, கலியாணத்துக்கு மூட்டிய கோட்டையடுப்பில் மறுநாள் இருவருக்குச் சோறு வடிப்பது போன்றது. தேவை அறிந்து தீயை அடக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் கட்டுப்படுத்தி. அதற்கு வேண்டியவை மூன்று: வெப்பத்தை உணரும் உறுப்பு, வேகத்தை மாற்றும் உறுப்பு, முதலாவதைக் கேட்டு இரண்டாவதை நடத்தும் அறிவு.

உணரிகளில் மலிவானது வெப்பத்தடையம்; எஸ்.பி. ரோட்டில் ‘தெர்மிஸ்டர்’ என்பார்கள். டவுன்ஹாலுக்குப் பின்னே நீளும் அந்தக் கடைத்தெருவில் கணினி உறுப்புகளும் மின்னணுச் சில்லறைகளும் ஒருசேரக் கிடைக்கும். பரவலாகக் கிடைக்கும் வகை, 25 டிகிரியில் 10 கிலோ ஓம் தடை காட்டும். 50 டிகிரியில் அது 4 கிலோ ஓம் அளவுக்கு இறங்கிவிடும். தகடுகளின் இடுக்கில் இதைச் செருகிவைத்தால் தகட்டுக்கட்டின் சூடு மின்னழுத்தமாக மாறி நம் கைக்கு வரும். நேர்கோட்டு விடை வேண்டுவோர் ‘எல்எம்35’ சில்லை நாடுவர். அது டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் வீதம் தரும். நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் படைப்பான அது, 2011-இல் அந்நிறுவனத்தோடு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கைக்கு வந்தது. 1985-இல் பெங்களூரில் வடிவமைப்பு மையம் திறந்து, பின்வந்த பன்னாட்டு நிறுவனங்களுக்கு வழிகாட்டிய அதே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்தான்.

செயலிக்கு உள்ளேயே உணரிகள் இருக்கின்றன. சிலிக்கான் சந்தியின் மின்னழுத்தம் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் இறங்கும் என்ற இயற்கைப் பண்பே அவற்றுக்கு அடிப்படை. இன்டெல் செயலிகளில் ஒரு நுணுக்கம் உண்டு. அவை ‘நான் இத்தனை டிகிரி’ என்று சொல்வதில்லை. ‘உச்ச வரம்புக்கு இன்னும் இத்தனை டிகிரி பாக்கி’ என்றே சொல்கின்றன. பலவற்றில் அவ்வரம்பு 100 டிகிரி. வரம்பை நெருங்க நெருங்கச் சொல் துல்லியமாகும். தொலைவில் இருக்கும்போது சில டிகிரி பிசகலாம். ஆகவே சும்மா இருக்கும் செயலி 31 டிகிரியா 35 டிகிரியா என்று நண்பர்கள் போட்டியிட்டுக்கொள்வதில் பொருளில்லை.

வேகத்தை மாற்றும் உறுப்புக்கு வருவோம். கணினி விசிறிகள் 12 வோல்ட்டில் ஓடும் தூரிகையில்லா மோட்டார்கள். சுழலும் காந்தம் எங்கிருக்கிறது என்பதை ஹால் உணரி ஒன்று கண்டு சொல்ல, அதற்கேற்பச் சுருள்கள் மாறிமாறி உயிர்பெறும். மின்னழுத்தத்தைக் குறைத்தால் வேகம் குறையும். பழைய நாள்களில் பொழுதுபோக்காளர்கள் 12 வோல்ட் கம்பிக்கும் 5 வோல்ட் கம்பிக்கும் நடுவே விசிறியை இணைத்து 7 வோல்ட்டைப் பெற்றார்கள். செலவில்லாத தந்திரம்தான்; ஆனால் விசிறி பழுதாகிக் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் 12 வோல்ட் 5 வோல்ட் தடத்துக்குள் பாய்ந்துவிடும் என்பதால் நான் அதை எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். டிரான்சிஸ்டர் ஒன்றை நடுவே வைத்து, வெப்பத்தடையத்தின் சொல்லுக்கு ஏற்ப மின்னழுத்தத்தை ஏற்றியிறக்குவது அதைவிட ஒழுங்கான வழி.

மின்னழுத்த முறைக்கு ஒரு குறை உண்டு. ஏறத்தாழ 5 வோல்ட்டுக்குக் கீழே பல விசிறிகள் நின்ற நிலையிலிருந்து கிளம்ப மறுக்கும். ஓடிக்கொண்டிருப்பது அதைவிடக் குறைவிலும் ஓடும். நின்றுவிட்டது மட்டும் எழாது. எனவே நல்ல கட்டுப்படுத்தி தொடக்கத்தில் ஓரிரு நொடிகள் முழு மின்னழுத்தம் தந்து உந்திவிட்டுப் பிறகே அடங்கும். லினக்ஸ் பயன்படுத்துவோர் அறிந்த ‘ஃபேன்கன்ட்ரோல்’ என்ற நிரல், கிளம்பும் அளவு, நிற்கும் அளவு என இரண்டு எண்களைத் தனித்தனியே கேட்பது இதனால்தான்.

2004-ஐ ஒட்டிப் பரவிய நான்கு கம்பி விசிறி இந்தத் தொல்லையைப் பெரிதும் தீர்த்தது. அதற்கு 12 வோல்ட் எப்போதும் முழுமையாகக் கிடைக்கும். நான்காவது கம்பியில் நொடிக்கு 25,000 துடிப்புகள் செல்லும். ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதே வேகத்துக்கான ஆணை. துடிப்பகலப் பண்பேற்றம் என்று நம் பாடநூல்கள் இதைச் சொல்லும். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை. ஆதலால் 25,000 தேர்ந்தெடுக்கப்பட்டது. கைவினைஞர் சிலர் சில நூறு ஹெர்ட்ஸில் துடிப்புகளை அனுப்பிவிட்டு, விசிறியின் சுருள் ரீங்காரமிடுவதைக் கேட்டுத் திகைப்பார்கள். காற்றின் ஓசையை அடக்கப் போய்க் கம்பியின் ஓசையை வாங்கிய கதை அது. மூன்றாவது கம்பி சுற்றுக்கு இரண்டு துடிப்புகள் வீதம் வேகத்தைத் திருப்பிச் சொல்லும். விசிறி நின்றுபோனதைத் தாய்ப்பலகை அறிவது அதன் வழியே.

இனி அறிவு. இப்பகுதியில்தான் பலர் தோற்கிறார்கள். கடையில் வாங்கும் தாய்ப்பலகைகளும் பல வேளைகளில் தோற்கின்றன.

மிக எளிய அறிவு, இரண்டே நிலை கொண்டது: 60 டிகிரி ஆனால் வேகமாகச் சுழல், குறைந்தால் மெதுவாகச் சுழல். அவ்வளவே சொன்னால் வெப்பநிலை 59-க்கும் 61-க்கும் இடையே ஊசலாடும்போதெல்லாம் விசிறி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஏறும் வரம்பை 60 ஆகவும் இறங்கும் வரம்பை 50 ஆகவும் பிரித்துவைத்தால் ஊசலாட்டம் அடங்கும். இந்த இடைவெளிக்குத் தயக்கம் என்று பெயர். அடுத்த படி விகிதமுறை: 40 டிகிரி வரை 30 விழுக்காடு வேகம், 75 டிகிரியில் 100, நடுவே நேர்கோடு. டிகிரிக்கு 2 விழுக்காடு வீதம் ஏறும். காகிதத்தில் இது குறையற்றது.

நடப்பில் என்ன ஆகிறது? செயலியின் சிலிக்கான் மிகச் சிறியது. அது மில்லிநொடிகளில் சூடாகும். உலாவியில் புதிய பக்கம் ஒன்றைத் திறந்தால் அரை நொடியில் 15 டிகிரி ஏறி, அடுத்த நொடியில் இறங்கிவிடும். 45-இலிருந்து 60-க்குத் தாவினால் நம் நேர்கோடு விசிறியை 40 விழுக்காட்டிலிருந்து 70-க்குத் தூக்கும். ஐம்மடி விதியின்படி 12 டெசிபல் தாவல் அது. ஆனால் அரைக் கிலோ எடையுள்ள தகட்டுக்கட்டு இந்த நொடிப்பொழுதுச் சூட்டை உணர்ந்தே இருக்காது. அது சூடேற நிமிடங்கள் வேண்டும். விசிறி குளிர்விப்பது தகட்டைத்தான், சிலிக்கானை அன்று. தகடு குளிர்ந்திருக்கும்போது விசிறி பாய்ந்தெழுவதால் ஒரு பயனும் இல்லை. அறையில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பதுதான் மிச்சம். சீரான ஓசைக்குக் காது பழகிவிடும். ஏறி இறங்கும் ஓசைக்கு ஒருபோதும் பழகாது. ஆகவே 35 டெசிபலில் நிலைத்திருக்கும் விசிறியை, 28-க்கும் 40-க்கும் இடையே பெருமூச்சு விடும் விசிறியைக் காட்டிலும் நான் உயர்ந்ததாகக் கொள்வேன்.

வேகத்தைத் தானே காக்கும் கருவிகள் ஊசலாடும் நோய் கணினிக்கு முன்பே பழையது. ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி இயந்திரத்துக்குச் சுழலும் குண்டுகள் கொண்ட வேகக்காப்பியைப் பொருத்தினார். சில இயந்திரங்கள் சீராக ஓட, சில ஏறியும் இறங்கியும் அலைந்தன. காரணத்தை 1868-இல் கணித வடிவில் எழுதியவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். உணர்வுக்கும் செயலுக்கும் இடையே காலத்தாழ்வு இருக்க, எதிர்வினை மிகக் கடுமையாகவும் இருந்தால் அமைப்பு நிலைகொள்ளாது. கணினியில் மூன்று காலங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன: சிலிக்கானுக்கு மில்லிநொடி, விசிறிக்கு நொடி, தகட்டுக்கு நிமிடம். அறிவுள்ள கட்டுப்படுத்தி தகட்டின் காலத்தோடுதான் பேசவேண்டும். செயலி சொல்லும் வெப்பநிலையைச் சில பத்து நொடிகளுக்குச் சராசரி எடுத்து அந்தச் சராசரிக்கு ஏற்ப விசிறியை நடத்தலாம். அல்லது வேகம் ஏறுவதற்கு மெதுவான படிகளையும் இறங்குவதற்கு அதைவிட மெதுவான படிகளையும் அமைக்கலாம். தகட்டில் செருகிய பத்து ரூபாய் வெப்பத்தடையம் ஒரு வகையில் செயலிக்குள் இருக்கும் நுண்ணுணரியை வெல்கிறது: அது தகட்டைத்தான் அளக்கிறது, ஆதலால் சராசரி தானாகவே கிட்டுகிறது.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். பெங்களூருக்கென்று தனியே சொல்ல இரண்டு உண்டு.

ஒன்று, காற்றின் அடர்த்தி. 920 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு; அதே வெப்பநிலையில் அடர்த்தியும் அவ்வளவு குறைவு. 200 வாட் வெப்பத்தை, உள்நுழையும் காற்றைவிட 10 டிகிரி கூடுதல் சூட்டோடு வெளியேற்றவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் நொடிக்கு 17 லிட்டர் காற்று போதும். பெங்களூரில் 19 லிட்டர் வேண்டும். அதற்காக விசிறி 12 விழுக்காடு கூடுதலாகச் சுழலவேண்டும். 2 டெசிபலுக்குச் சற்று மேல் ஓசை ஏறும். கணினிக் கூடங்களுக்கான பன்னாட்டு வழிகாட்டுதல்கள், ஏறத்தாழ 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் பொறிகள் தாங்கக்கூடிய உச்ச வெப்பநிலையை 1 டிகிரி குறைத்துக் கணக்கிடச் சொல்கின்றன. பெங்களூரு அந்த வாசற்படியிலேயே நிற்கிறது.

இரண்டு, இரவின் கொடை. மெல்லிய காற்றால் இழந்ததை இந்நகரின் குளிர்ந்த இரவுகள் வட்டியோடு திருப்பித் தருகின்றன. ஏப்ரலில் சராசரி உச்ச வெப்பநிலை 34 டிகிரி. டிசம்பர், சனவரி இரவுகளில் சராசரித் தாழ்வு 16 டிகிரி அளவில். எடுத்துக்காட்டாக, வாட்டுக்கு அரை டிகிரி சூடேறும் சாதாரணத் தகட்டுக்கட்டு ஒன்றைக் கொள்வோம். பெட்டியின் உட்காற்று அறையைவிட 8 டிகிரி கூடுதல் என்றும் கொள்வோம். ஏப்ரல் நண்பகலில் 65 வாட் முழுச் சுமையில் செயலி 74 அல்லது 75 டிகிரியை எட்டும். டிசம்பர் இரவில் அறை 20 டிகிரி என்றால், அதே சுமையில் 60-ஐ ஒட்டி நிற்கும். எழுதிக்கொண்டோ படித்துக்கொண்டோ இருப்பவரின் செயலி 15 வாட்டுக்கு மேல் கேட்காது. உட்காற்றும் அவ்வளவு சூடாகாது. அப்போது 35 டிகிரியை எட்டுவதே அரிது. வரம்போ 100. நடுவே கிடக்கும் இந்த அகன்ற வெளியில்தான் விசிறி உறங்கலாம். சென்னையின் மே மாத இரவில் அறையே 30 டிகிரிக்கு மேல் இருக்க, இத்தனை தாராளம் கிடைக்காது. கட்டுப்படுத்தியால் பெரும்பயன் பெறும் இந்திய நகரங்களில் பெங்களூருக்கு முன்வரிசை இடம் தரலாம் என்பது என் கணிப்பு.

ஆனால் அமைதியின் ஆசை அளவு மீறினால் பொறி பாழாகும். சுற்றைத் தானே கட்டுவோர் ஒன்றை மறக்கக்கூடாது. வெப்பத்தடையத்தின் கம்பி அறுந்தால் அதன் தடை எல்லையின்றி உயரும்; உயர்ந்த தடை என்றால் கடுங்குளிர் என்பதுதான் சுற்றுக்குத் தெரிந்த மொழி. உடனே விசிறியை நிறுத்திவிடும். எரியும் செயலியின்மேல் பனி பெய்வதாக அது நம்பிக்கொண்டிருக்கும். எனவே நம்பமுடியாத அளவுக்குத் தடை உயர்ந்தால் அதைப் பழுது என்று கொண்டு, முழு வேகத்துக்குத் தாவும்படி சுற்றை அமைக்கவேண்டும். நான்கு கம்பி விசிறியை வகுத்தவர்கள் இதை முன்பே எண்ணியிருந்தார்கள்: ஆணைக் கம்பி அறுந்தால் அவ்விசிறி முழு வேகத்தில் ஓடும். பழுது நேர்ந்தால் ஓசையின் பக்கம் சாயவேண்டும், சூட்டின் பக்கம் அன்று.

செயலி தன்னைத் தானே காத்துக்கொள்ளும். வரம்பை நெருங்கினால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மீறினால் கணினியையே அணைத்துவிடும். அதைச் சுற்றியுள்ளவற்றுக்கு அந்த அறிவு இல்லை. தாய்ப்பலகையின் மின்தேக்கிகள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஆயுளில் பாதியை இழக்கும் என்பது பொறியாளர்களின் நடைமுறைக் கணக்கு. செயலி விசிறியிலிருந்து கசியும் காற்றே அவற்றுக்கும் குளிர்ச்சி. செயலியின் எண்ணை மட்டும் பார்த்து விசிறியை அடக்கிவிட்டால், பழி ஓராண்டு கழித்து வேறோர் இடத்தில் விழும். மின்வழங்கிக்குள் இருக்கும் விசிறியை மாற்ற எண்ணுவோருக்கு ஒரு சொல்: வேண்டாம். 230 வோல்ட் மாறுமின்னோட்டம் நேராக்கப்பட்டு 320 வோல்ட்டுக்கு மேல் அங்கே மின்தேக்கியில் தேங்கி நிற்கும். செருகியைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் நிற்கும்.

பணம் செலவழிக்கும் முன் செய்யவேண்டியவை இரண்டு. பெட்டியைத் திறந்து, தூரிகையாலும் காற்றூதியாலும் தகடுகளின் தூசியை நீக்குங்கள். ஊதும்போது இதழைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள், விசிறி கட்டின்றிச் சுழன்றால் தாங்கி பழுதாகும். சில ஆண்டுகளான கணினியானால் செயலிக்கும் தகட்டுக்கும் இடையே உலர்ந்துபோன பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாகச் சிறிது தடவுங்கள். பிறகு தாய்ப்பலகையின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் விசிறிக்கான வளைகோடு அங்கே முன்பே காத்திருக்கும். அண்மைக்காலப் பலகைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனிக் கட்டுப்படுத்தி வாங்கவே வேண்டியதில்லை. 50 டிகிரி வரை, விசிறி நிற்காமல் ஓடும் மிகக் குறைந்த வேகத்தை வையுங்கள். 65 வரை மெல்ல ஏற்றுங்கள். 80-இல் முழு வேகம் இருக்கட்டும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உள்ள காலத்தாழ்வை அப்பலகை தரும் உச்ச அளவுக்கு நீட்டுங்கள். அமைத்ததைச் சோதிக்க மார்கழி இரவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஏப்ரல் பிற்பகல் மூன்று மணிக்கு, கணினிக்கு முழுச் சுமை தந்து, அரை மணி நேரம் எண்களைக் கவனித்து முடிவு செய்யுங்கள்.